ஒத்து மட்டும் ஊதும் இசை

அம்பை ரோட்டில் முன்னீர்பள்ளம் தாண்டியதும் என் இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி மாமா மகனிடம் கொடுத்தேன். பாபநாசம் பஸ், ஜன்னலோர இருக்கை, இரண்டு பக்கமும் வயல். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அத்தான், இதுல பாட்டு எப்பம் ஆரம்பிக்கும்?" என்றான்.

நியாயமான கேள்வி. நான் கொடுத்தது ஆம்பியன்ட் வகையைச் சேர்ந்த ஒரு பதிவு. அதில் பல்லவி கிடையாது, தாளம் கிடையாது, பாடுகிறவரும் கிடையாது. ஒரு சுரம் நீண்டுகொண்டே போகும். அதன் ஓரத்தில் இன்னொன்று வந்து சேரும். முதலில் இருந்தது எப்போது விலகியது என்று நமக்குத் தெரியாது. பல்லவிக்காகக் காத்திருந்தே பழகிய காதுக்கு இது முழுக்க முன்னிசை மாதிரித்தான் இருக்கும்.

"கோயில் கொடையில நாகஸ்வரம் ஊதும்போது பக்கத்துல ஒருத்தர் ஒத்து ஊதுவார்லா, அதை மட்டும் கேட்டுப் பாரு மாப்ள" என்றேன். அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

ஒத்து என்பது பார்வைக்கு நாகஸ்வரம் போலவே இருக்கும் குழல். சுரம் மாற்றுகிற வேலை அதற்கு இல்லை. ஊதுகிறவர் மூச்சு அறாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போது பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது. ஒத்தைக் கேட்பதற்கென்று யாரும் கொடைத் திருவிழாவுக்குப் போவதில்லை, ஆனால் அது நின்றுவிட்டால் ராகத்துக்குத் தரையே இருக்காது. ஆம்பியன்ட் இசையில் ட்ரோன் என்று ஒரு கிளை உண்டு. கல்யாண வீட்டில் படம் பிடிக்கப் பறக்கிற ட்ரோன் இல்லை, ரீங்காரம் என்று பொருள்படும் ட்ரோன். நாகஸ்வரத்தையும் தவிலையும் அனுப்பிவிட்டு, ஒத்துக்காரரை மட்டும் நாற்பது நிமிடம் உட்கார வைத்தால் என்ன கிடைக்குமோ அதுதான் அது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அதற்குப் பிறகு அந்த ஒரே சுரத்துக்குள்ளேயே கேட்க நிறைய இருப்பது தெரியவரும்: மூச்சின் நடுக்கம், மேலே மெல்லியதாக மிதக்கும் உபசுரங்கள், அது ஒலிக்கிற இடத்தின் சுவர்.

இந்த இசையை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிபாரிசு செய்வதைச் சில ஆண்டுகளாக விடாமல் செய்துவருகிறேன். அதில் ஒன்று புரிந்தது. இந்த வகை இசையில் எதைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இசைச் செயலிகளின் பரிந்துரை இங்கே தோற்பதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் பஸ் பத்தமடையில் நின்றது. பாய்க்குப் பேர் போன ஊர். இந்த இசையின் வரலாற்றில் பத்தமடைக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே நம்ப மாட்டார்கள்.

சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது பத்தமடையில். மலாயாவில் மருத்துவராக இருந்து, பிறகு ரிஷிகேசம் போய்ச் சந்நியாசியானார். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த ஒருவர் அவரிடம் 1949-இல் துறவு பெற்று சச்சிதானந்தர் ஆனார். அவர் 1966-இல் அமெரிக்கா போனார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய காவியுடைக்காரர் அவர்தான். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்துபோன துயரத்தில் இருந்த ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன், பின்னாளில் இந்தச் சச்சிதானந்தரிடம் வந்து சேர்ந்தார். 1971-இல் வெளியான 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற இசைத்தட்டு அந்தச் சந்திப்பின் விளைவு. முதல் பதிவின் தொடக்கத்திலேயே தம்புரா வந்துவிடுகிறது. அதன்மேல் பாஸ், அதன்மேல் ஆலிஸ் மீட்டும் ஹார்ப் என்ற யாழ் போன்ற கருவி, ஃபரோவா சாண்டர்ஸின் சாக்ஸஃபோன். ஜாஸ் இசைத்தட்டுதான், ஆனால் அதன் அடியில் தரையாகக் கிடப்பது தம்புரா.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த கட்டம். ஆலிஸ் பிறகு தாமே துறவறம் ஏற்றார், கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்தார். வணிக இசையை ஏறக்குறைய விட்டுவிட்டு, 1982 முதல் 1995 வரை நான்கு கேசட்டுகள் வெளியிட்டார். ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்காக மட்டும். நாம் பஜனை மடத்தில் கேட்கிற நாமாவளிகள்தான், ஆனால் அவற்றின் கீழே ஓபர்ஹைம் என்ற சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் சுரம் கீழிருந்து மேலாக விமானம் எழும்புவது போல வழுக்கிக்கொண்டு போகும். முதல்முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கேசட்டுகள் நெடுங்காலம் கடையில் கிடைக்கவில்லை. யாரோ பிரதி எடுத்த கோப்புகள் இணையத்தில் கைமாறிக் கைமாறி வந்தன. 2017-இல்தான் லுவாக்கா பாப் என்ற நிறுவனம் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை முறையாக வெளியிட்டது. ஆலிஸ் 2007-இலேயே காலமாகிவிட்டார்.

பத்தமடை, ரிஷிகேசம், நியூயார்க், கலிஃபோர்னியா, இணையம், திரும்ப பாபநாசம் பஸ்ஸில் ஒரு இயர்போன். கைக்குக் கை மாறித்தான் இது வந்தது. தலைமறைவு இசை, அண்டர்கிரவுண்ட் என்று சொல்வதெல்லாம் இப்படிப்பட்ட பயணத்தைத்தான். ஒளித்துவைத்த இசை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சில நூறு பிரதிகள் போட்டு, விளம்பரம் இல்லாமல், தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லிப் பரவுவது அது.

இன்னொரு வழியிலும் தம்புரா மேற்கே போனது. கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபைச் சேர்ந்த பண்டிட் பிராண்நாத் 1970-இல் நியூயார்க் போனார். லா மான்டி யங், டெர்ரி ரைலி என்ற இரண்டு அமெரிக்க இசையமைப்பாளர்கள் அவருக்குச் சீடரானார்கள். யங் அதற்கு முன்பே, 1960-களில், ஒரே சுரத்தை மணிக்கணக்கில் நிறுத்தி வாசிக்கிற சோதனைகளைச் செய்துகொண்டிருந்தவர். யங்கின் படைப்பை மாணவப் பருவத்திலேயே மேடையில் வாசித்த ஆங்கிலேயர் ஒருவர்தான் பிற்பாடு ஆம்பியன்ட் என்ற பெயரையே வைத்தார். அவர் பிரையன் ஈனோ.

ஈனோவின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எப்படிக் கேட்பது என்பதற்கு அதிலேயே விடை இருக்கிறது. 1975 ஜனவரியில் அவர் ஒரு டாக்சியில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி, ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சிரமப்பட்டு அதைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். சத்தம் மிகக் குறைவாக இருந்தது, ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, வெளியே மழை. எழுந்து போய்ச் சரிசெய்ய உடம்பில் தெம்பில்லை. வேறு வழியில்லாமல் அப்படியே கேட்டபோது, மழைக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக ஹார்ப் சுரங்கள் மிதந்தன. இசை அறையின் வெளிச்சம் மாதிரி, மழையின் ஓசை மாதிரி, சூழலில் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதே ஆண்டில் 'டிஸ்க்ரீட் மியூசிக்', 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. கவனித்துக் கேட்டாலும் நிறைவு தர வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட விதி.

நம் நாட்டிலும் இந்த விதை விழுந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-இலேயே மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்கரான டேவிட் டியூடர். அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கீதா சாராபாய். அவர்தான் 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர். மனத்தை அமைதிப்படுத்துவதே இசையின் பயன் என்று தம் ஆசிரியர் சொன்னதைக் கேஜிடம் சொன்னதும் அவர்தான். கேஜின் பிற்கால வேலை முழுவதும் அந்தச் சொல்லின் நிழலில் நடந்தது. இசைக்கூடம் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட, பதிவு நாடாக்கள் ஆவணக் காப்பறையில் கிடந்தன. பால் புர்காஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடியெடுத்தார், 2023-இல் அவை தொகுப்பாக வந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு யாரும் கேட்காமல் கிடந்த இந்திய மின்னணு இசை இன்று யார் வேண்டுமானாலும் கேட்கிற இடத்தில் இருக்கிறது. தாளம் வேண்டும் என்கிறவர்களுக்கு, மும்பையின் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை ட்ரம் மெஷினோடு வாசித்த இசைத்தட்டைச் சொல்வேன். அன்று விலைபோகாமல் கிடந்தது, 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது.

சரி, இத்தனையும் இணையத்தில் இருக்கும்போது செயலி ஏன் இதை நம் முன்னால் கொண்டுவந்து வைப்பதில்லை?

பரிந்துரை இயந்திரம் வேலை செய்கிற விதம் கடினமானது இல்லை. அல்வா வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மிக்சரும் வாங்குகிறார்கள் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிற கடைக்காரர், அடுத்து அல்வா கேட்டு வருகிறவரிடம் மிக்சரை எடுத்து நீட்டுவார். கோடிக்கணக்கான பேரின் கேட்பைச் சேர்த்துவைத்து அதையேதான் செயலியும் செய்கிறது. அல்வாவுக்கும் மிக்சருக்கும் இது பொருந்தும். மொத்தமே எழுபது பேர் கேட்ட ஒரு பதிவை எந்த வரிசையில் வைப்பது என்று அதற்குத் தெரியாது. கணக்குப் போட ஆள் இல்லை. ஆள் வராததால் பரிந்துரை இல்லை, பரிந்துரை இல்லாததால் ஆள் வருவதில்லை. ஏற்கெனவே நமக்குப் பிடித்ததற்கு ஒத்து ஊத அதற்கு நன்றாகத் தெரியும். நம் காதை இன்னொரு பக்கம் திருப்பிவிட அதனால் ஆகாது.

காசுக் கணக்கும் இதற்கு எதிராகவே இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி ஓடினால் ஒரு கேட்பு. அரை மணி நேரம் ஓடுகிற ஒரே பதிவுக்கும், இரண்டு நிமிடப் பாட்டுக்கும் அதே ஒரு கேட்புதான். அப்புறம் 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு உரிமைத்தொகையே கிடையாது. மெதுவாக, நீளமாக, சிலருக்காக மட்டும் இசை செய்கிறவர்களுக்கு அந்த வாசல் ஏறக்குறைய சாத்தப்பட்டுவிட்டது. இன்னொரு பக்கம் இயந்திரமே செய்கிற இசையின் வெள்ளம். தங்களிடம் நாள்தோறும் ஏற்றப்படுவதில் 18 சதவீதம் முழுக்க செயற்கை நுண்ணறிவு செய்தது என்று டீசர் என்ற இசைச் செயலி நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. 'தூக்கத்துக்கு', 'படிப்பதற்கு' என்ற பெயரில் வரும் பட்டியல்களுக்குள் இப்படிப்பட்ட இசை எளிதாக நுழைந்துவிடும், ஏனென்றால் அங்கே யாரும் பெயரைப் பார்ப்பதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஒரு மனிதர் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு சுரத்தை இரண்டு மாதம் செதுக்கியிருப்பார். அதற்குப் பக்கத்திலேயே, அதே நிறத்தில், யாரும் செய்யாத ஒன்று கிடக்கிறது.

யூடியூப் சில சமயம் நல்லதும் செய்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிடோரி டகாடா என்ற ஜப்பானியத் தாளக் கலைஞர் 1983-இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். மறந்துபோன அதை ஒருவர் யூடியூபில் ஏற்ற, பக்கப் பரிந்துரையிலேயே அது பல லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. 2017-இல் மறுபதிப்பு வந்தது, அவரும் உலகமெங்கும் மேடையேறினார். இன்னொரு ஜப்பானிய இசையமைப்பாளர் ஹிரோஷி யோஷிமுராவுக்கும் அப்படித்தான் புகழ் வந்தது, ஆனால் அவர் 2003-லேயே இறந்துவிட்டார். அங்கேயும்கூட முதலில் ஒரு மனிதர் தன் அலமாரியில் இருந்த தட்டை எடுத்து ஏற்றினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

எனவே தேடுவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பேண்ட்கேம்ப். 2008-இல் தொடங்கியது. இசைக்கலைஞர் தாமே பதிவை ஏற்றி, தாமே விலை வைக்கிற சந்தை. டிஜிட்டல் விற்பனையில் நிறுவனம் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு, பணப் பரிமாற்றக் கட்டணம் போக மிச்சத்தைக் கலைஞருக்குக் கொடுக்கிறது. கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில், குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கும் வழக்கம் ஆரம்பித்தது. நிறுவனம் 2022-இலும் 2023-இலும் கைமாறியது, இரண்டாவது கைமாற்றத்தில் ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போனது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் அங்கே இருக்கும் ஒரு சின்ன வசதிக்காக இன்னும் அதையே நாடுகிறேன். ஒரு இசைத்தொகுப்பின் பக்கத்தில், அதை விலைகொடுத்து வாங்கியவர்களின் சிறு படங்கள் இருக்கும். அதில் ஒன்றைத் தொட்டால் அவர் வேறு என்னென்ன வாங்கியிருக்கிறார் என்பது முழுவதும் தெரியும். உங்களுக்குப் பிடித்த ஒன்றை வாங்கிய பத்துப் பேரைத் திறந்து பாருங்கள். இரண்டு பேர் ரசனை உங்களோடு ஒத்துப்போகும், அந்த இரண்டு பேரின் அலமாரியில் நீங்கள் கேள்விப்படாத முப்பது பெயர் இருக்கும். கல்யாண வீட்டில் "நீங்க யாரு மகன்?" என்று கேட்டுக் கேட்டு உறவைக் கண்டுபிடிப்பது மாதிரியான வேலை இது. எழுதப்பட்டிருப்பதையும் படியுங்கள். எந்த ஊரில் பதிந்தார், எந்தக் கருவி, யார் ஒலியைச் சீர்செய்தார் என்று எழுதியிருப்பவர் பெரும்பாலும் உண்மையான ஆள். பத்து நாளுக்கு ஒரு தொகுப்பு வெளியிட்டு, ஒரு வரியும் எழுதாதவரிடம் எனக்குச் சந்தேகம் வரும். காசு இல்லாத மாணவர்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம். நெட்லேபிள், அதாவது இணையத்திலேயே இசை வெளியிடுகிற குழுக்கள், என்று ஒரு பெரிய பகுதி அங்கே இருக்கிறது, முழுத் தொகுப்புகளாக, இலவசமாக, கலைஞர்களே மனமுவந்து கொடுத்தவை.

இனி நேரமும் இடமும்.

தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்துவைத்தவர்கள் நம்மவர்கள். நெல்லையப்பர் கோயிலில் காலையில் கேட்கிற நாகஸ்வரமும் அர்த்தசாமத்தில் கேட்பதும் ஒன்றாக இராது. இந்தப் பழக்கம் நம் காதில் இருக்கிறது, மின்னணு இசைக்கும் அதைக் கொண்டுபோகலாம். அமெரிக்காவில் வாழும் அருஷி ஜெயின் 2021-இல் வெளியிட்ட 'அண்டர் த லைலாக் ஸ்கை' அப்படிச் செய்யப்பட்டதே. இந்துஸ்தானி பயின்றவர், கம்பிகளைச் செருகிச் செருகி ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசரில் மாலை ராகங்களை எடுத்திருக்கிறார். சூரியன் மறையும் வேளையில் கேளுங்கள் என்பது அவர் வேண்டுகோள். நான் அதைக் கேட்பது வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றுப் பாலத்தில் நின்று, கொக்குகள் அடையத் திரும்பும் நேரத்தில். வேறு நேரத்தில் போட்டால் பாதிதான் கிடைக்கும்.

யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' 1982-இல் வந்தது. ஜன்னல் வழியே தெரியும் மேகம், மரம் இவற்றைப் பார்த்து மின்பியானோவில் எழுதிய ஒன்பது சிறு பதிவுகள். விடியற்காலை ஐந்து மணி, குறுக்குத்துறைப் படிக்கட்டு. சத்தத்தை ஆற்றின் சத்தத்துக்குக் கீழே வையுங்கள். படித்துறையில் துணி அலசுகிற ஓசையும் குளிக்க வருகிறவர்களின் பேச்சும் கலந்து வந்தால்தான் அது நிறைவாகும். ஈனோவுக்கு மழை இருந்த மாதிரி.

அக்னி நட்சத்திரத்துப் பாளையங்கோட்டை மத்தியானத்துக்கு எலியான் ரதீக். 1932-இல் பாரிசில் பிறந்தவர், ஆர்ப் 2500 என்ற ஒரே சிந்தசைசரோடு பல பத்தாண்டுகள் தனியாக வேலை செய்தவர். 'ட்ரிலஜி த லா மோர்' ஏறக்குறைய மூன்று மணி நேரம். சுரம் மாறுவது தெரியவே தெரியாது, வெயில் சுவரில் நகருவது மாதிரி. ஆனால் இதை மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குக் கீழ்ச்சுரங்கள் வராது, ரதீக்கின் இசையில் பாதி அங்கேதான் இருக்கிறது. சாதாரண இயர்போன் போதும், காதில் நன்றாகப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

வில்லியம் பாசின்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1980-களில் பதிந்த நாடாக்களை 2001-இல் கணினிக்கு மாற்ற முயன்றபோது, காந்தப் பூச்சு உதிரத் தொடங்கியது. நாடா சுற்றச் சுற்ற இசை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது. அந்த அழிவையே அவர் பதிந்துகொண்டார். 'டிசின்டக்ரேஷன் லூப்ஸ்' என்று பெயர். பழைய பக்திப் பாடல் கேசட்டில் பூஞ்சை பிடித்து, அம்மா அதை வேட்டித் துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டது நினைவிருக்கிறவர்களுக்கு இது நேராக உள்ளே இறங்கும். ராத்திரி, வீடு அடங்கிய பிறகு. துக்கம் நடந்த வீட்டுக்காரருக்கு மட்டும் உடனே இதைக் கொடுக்க மாட்டேன், ஒரு வருஷமாவது போகட்டும்.

குரல் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் உண்டு, அதில் தவறே இல்லை. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த, தமிழிலும் பாடுகிற கானவ்யாவிடம் அவர்களை அனுப்புவேன். 2024-இல் வெளியான அவருடைய தொகுப்புகளில் குரல் ஒத்து மாதிரியே நிற்கும், சொல் எப்போதாவது வந்து உட்காரும்.

குற்றாலத்தில் மட்டும் எதுவும் போட வேண்டாம். அருவியில் எல்லா அதிர்வெண்ணும் ஒரே நேரத்தில் விழுகிறது, எந்த இசையும் அதன்முன் நிற்காது. பேரருவிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, கீழ்ச்சத்தத்தை மட்டும், பிறகு மேலே சிதறுகிற சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ட்ரோன் இசைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

நம் ஊர் ஒலிகள் இந்த இசைக்குள் இன்னும் போதுமான அளவு வரவில்லை என்பது என் குறை. நைரோபியைச் சேர்ந்த கேஎம்ஆர்யு என்ற இசைக்கலைஞர் தன்னைச் சுற்றிய இடங்களின் ஒலியைப் பதிந்து, நீட்டி, மெழுகி, 2020-இல் 'பீல்' என்ற தொகுப்பாகத் தந்தார். நம்மிடம் வில்லுப்பாட்டுக் குடத்தின் அடி ஓசை இருக்கிறது. கணியான் கூத்தின் மகுடம் என்ற இரு பறைகள், ஒன்று உச்சமாகவும் ஒன்று மந்தமாகவும் பேசிக்கொள்வது இருக்கிறது. பத்தமடையில் கோரை உரசுவது, கூந்தன்குளத்தில் பறவைகள் கூடும் மாலை, நெல்லையப்பர் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத்தூண்கள். பதிவதற்குப் பெரிய கருவி வேண்டாம். மொபைலை ஏரோப்ளேன் மோடில் போட்டு, துண்டால் சுற்றி, கையில் பிடிக்காமல் ஓரிடத்தில் வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் மாமா மகனிடமும் சொல்லியிருந்தேன். அவனுக்குப் பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் வேலை. அந்தப் பஸ் பயணத்துக்குப் பிறகு இசையைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். ஆடி மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால் அவனிடமிருந்து ஒரு கோப்பு வந்திருந்தது. டாக்குமெண்டாகத்தான். இருபத்திரண்டு நிமிடம். காற்றாலைக் கோபுரத்தின் அடியில், உள்ளே, கதவை ஒருக்களித்து வைத்துப் பதிந்திருக்கிறான். மேலே எங்கோ பல்சக்கரப் பெட்டியின் ரீங்காரம், இரும்புக் குழாய் முழுவதும் இறங்கி வருகிறது. காற்று திசை மாறும்போதெல்லாம் தலைப்பகுதியைத் திருப்புகிற மோட்டார் முனகி, நின்று, மறுபடி முனகுகிறது. கதவிடுக்கில் காற்று நுழையும்போது ஒரு மெல்லிய சீழ்க்கை. அது வரும், நிற்கும், கொஞ்சம் உயர்ந்த சுருதியில் திரும்ப வரும்.

கேட்டு முடித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். "ஒத்து மாதிரி இருக்குல்லா அத்தான்?" என்றான். இருக்கிறது என்றேன். கோப்புக்கு ஒரு பெயர் வை, ஊர், நாள், நேரம் எல்லாம் எழுது என்றேன். கொஞ்ச நேரத்தில் பெயரோடு மறுபடி அனுப்பினான்.

'பணகுடி. ஆடி 12. ராத்திரி ரெண்டு மணி. மேகாத்து. தனியா இருக்கும்போது கேக்கணும்.'